மாசம் 1,150 ரூபாய்க்கு ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை… தேவையா?

தூத்துக்குடி துறைமுகம் பக்கத்துல ஒரு கன்டெய்னர் யார்டுல வேலை பார்க்குற நண்பன், தன்னோட மாசச் செலவுப் பட்டியலை அனுப்பி, "எதைக் குறைக்கலாம், பாத்துச் சொல்லுல"ன்னு கேட்டான். வாடகை, பைக் இஎம்ஐ எல்லாத்துக்கும் நடுவுல ஒரு வரி: ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை, 1,150 ரூபாய். எதுக்குன்னு கேட்டா, "நைட் ஷிஃப்ட், தூசி, சிகரெட்டு... எல்லா டேமேஜையும் இது சரி பண்ணிரும்லா?"

வருஷத்துக்கு 13,800 ரூபாய். ஆனா அவனோட பட்டியல்ல என்னைப் பயமுறுத்தினது காசு இல்ல, அந்த சிகரெட்டு.

நம்ம செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது ஃப்ரீ ரேடிக்கல்கள் உருவாகும். அது அளவு மீறினா ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். அதைக் குறைச்சா நோய் வராதுங்கறதுதான் விளம்பரம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகம்! காப்பாத்தும்னு கொடுத்த மாத்திரை அது.

புகைபிடிக்காத ஆரோக்கியமானவங்களுக்கு? 2009-ல் ஜெர்மனியில் இளைஞர்களை நாலு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். வைட்டமின் சி, இ மாத்திரை எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நல்லா வேலை செய்யும் பலன் கிடைக்கவே இல்லை. அந்த லேசான ஸ்ட்ரெஸ்தான் உடம்பைத் தயார்படுத்துற சிக்னலாம். அதை நாம காசு கொடுத்து அணைக்கிறோம். 2012-ல் 78 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கையிலும் ஆயுள் கூடியதாக ஆதாரம் இல்லை. (டாக்டர் குறைபாடு பார்த்து எழுதிக் கொடுத்த மாத்திரை வேற கதை, அதை நீங்களா நிறுத்தாதீங்க.)

பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல'ன்னு ஆங்கிலத்துல போட்டிருக்கும். எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி போட்டே ஆகணும். இதுல வேடிக்கை, தமிழக அரசு அறிவிச்ச முருங்கை ஏற்றுமதி மண்டலத்துல தூத்துக்குடியும் ஒரு மாவட்டம். வெளிநாட்டுக்காரன் ஆன்டி-ஆக்ஸிடன்ட்னு பவுடரா வாங்குற இலை, நம்ம சந்தையில கட்டு பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்குது.

அந்த 13,800-ஐ என்ன பண்ணலாம்? கம்பெனி குரூப் கவர் வேலையை விட்டா போயிரும். இருபதுகள்ல இருக்கறவங்களுக்கு இந்தக் காசுக்குள்ள சொந்தமா 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கிடைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் அதுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. பழைய வரி முறையில இருந்தா வருமான வரிக் கழிவும் உண்டு. மாத்திரை பில்லுக்கு அது கிடையாது. விண்ணப்பத்துல சிகரெட் பழக்கத்தை மட்டும் மறைக்காதீங்க, க்ளெய்ம் சிக்கலாயிரும்.

நண்பனோட பாட்டில்ல பீட்டா கரோட்டின் இருந்துச்சு. அன்னிக்கே நிறுத்திட்டான். சிகரெட்டுக்கு, அவன் பாக்கெட் மேலேயே அச்சடிச்சிருக்குற இலவச நம்பரைக் காட்டினேன்: 1800-11-2356.