ஒலி எட்டாத இல்லத்துக்கும் எச்சரிக்கை எட்ட வேண்டும்

கடல் சூழ்ந்த இத்தீவுகளில் வாழும் நாம் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை மறக்க இயலாது. சுமத்ராவுக்கு அருகே எழுந்த நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்தன. அதன் பயனாக 2007ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பெற்றது. இன்று ஆபத்துச் செய்தி விரைந்து வருகிறது. ஆனால் அபாயச் சங்கு ஊதினாலும், ஒலிபெருக்கி முழங்கினாலும், காது கேளாத ஒருவர் தனியே உறங்கும் வீட்டில் அவற்றால் யாது பயன்?

ஒலியை வேறொரு புலனுக்கு மாற்றித் தருவதே இதற்கு வழி. தீவில் ரயில் இல்லையெனினும், தாய்நாட்டுக்குச் செல்லும்போது நீங்கள் கண்டிருக்கலாம்: கார்டு விசில் ஊதுவதோடு நில்லாமல் பச்சைக் கொடியும் காட்டுகிறார், இரவானால் பச்சை விளக்குக் காட்டுகிறார். செவிக்கு எட்டாதது கண்ணுக்கு எட்டட்டும் என்னும் ஏற்பாடு அது.

அந்த வேலையை இன்று சென்சார் எனப்படும் உணரிகள் செய்கின்றன. அழைப்புமணியையும் புகையையும் குழந்தையின் அழுகையையும் உணர்ந்து விளக்கை மின்னச் செய்யும் கருவிகள் உண்டு. உறங்குவோரை எழுப்பத் தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுத் தட்டும் உண்டு. 2020ஆம் ஆண்டில் ஆப்பிள், கூகுள் நிறுவனங்கள் இத்தகைய வசதியைக் கைப்பேசிக்குள்ளேயே அமைத்தன. கைப்பேசியின் ஒலிவாங்கி சுற்றுப்புற ஒலியை வாங்குகிறது. கைப்பேசி அதனைத் தான் முன்பே கற்ற ஒலிகளோடு ஒப்பிடுகிறது. சைரன் என்று கண்டால் அதிர்ந்து, திரையிலும் எழுதிக் காட்டுகிறது. கேட்டறியும் வேலை கைப்பேசிக்குள்ளேயே நடப்பதால் அதற்கு இணையத் தொடர்பு வேண்டுவதில்லை. தொடர்பு அடிக்கடி அறுபடும் இடங்களில் இது பெரும் அனுகூலம் அன்றோ?

2023ஆம் ஆண்டில் அரசு பல மாநிலங்களில் சோதனை எச்சரிக்கை அனுப்பியபோதும் கைப்பேசிகள் ஒலித்ததோடு அதிரவும் செய்தன.

ஆயினும் கருவியையே முற்றும் நம்பலாகாது. ஆபத்து வேளையில் ஒலியறியும் இவ்வசதியைச் சார்ந்திருக்க வேண்டாமென ஆப்பிள் நிறுவனமே கூறுகிறது. நிலநடுக்கத்தைக் காது கேட்போரும் கேளாதோரும் உடலால் ஒருங்கே உணர்வர். கடலோரத்தில் பலத்த அதிர்வை உணர்ந்தால் எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டுநிலம் ஏற வேண்டும். தொலைவில் தோன்றும் நிலநடுக்கம் நமக்குப் புலப்படாமற் போகலாம். அப்போதுதான் கருவியும் அண்டை வீட்டாரும் துணை நிற்க வேண்டும்.

சட்டமும் நமக்குத் துணையாக உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அவர்களின் விவரங்களைப் பதிந்து வைத்து, ஆபத்தைத் தெரிவிக்கத் தக்க ஏற்பாடும் செய்தல் வேண்டும். ஆனால் வீட்டார் மறைத்து வைத்தால் பதிவேட்டில் பெயர் ஏறுவது எங்ஙனம்? காது கேளாமை குடும்பத்துக்கு இழுக்கன்று. வெட்கத்தால் பெயரை மறைப்பது உயிருக்கே கேடாக முடியும்.

ஆதலின் அன்பர்களே, இம்மாதமே மூன்று காரியங்கள் செய்யுங்கள். பெயரைப் பதிவு செய்யுங்கள். கைப்பேசியில் இவ்வசதி இருப்பின் இயக்கிச் சோதித்துப் பாருங்கள். இரவில் வந்து டார்ச் அடித்துத் தோளைத் தட்டி எழுப்ப அண்டை வீட்டார் ஒருவரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.