கொடுவா ஏன் முகத்துவாரத்துக்கு வருகிறது?

விடுமுறையில் குடும்பத்தோடு படகேறித் தூண்டில் போட, காரைக்காலில் அரசலாறு கடலைத் தொடும் பகுதி தோதானது. கொடுவா மாட்டலாம். ஏன் அங்கே? வற்றம் தொடங்கியதும் ஆற்றுநீரோடு இறாலும் சிறுமீனும் இறங்கி வரும். கொடுவா ஓரமாகப் பதுங்கிக் காத்திருக்கும்.

இரை மட்டுமல்ல, முட்டையிடுவதும் ஒரு காரணம். வட அமெரிக்க ஏரிகளின் கோக்கனி, கடலையே பாராத சால்மன், முட்டையிட்டதும் செத்துவிடும். கொடுவா நேரெதிர். நன்னீரில் வளர்ந்தாலும் முட்டையிட உப்புநீருக்கு இறங்கும்; முட்டையும் குஞ்சும் பிழைக்க உப்பு வேண்டுமே! அதன்பிறகும் பல ஆண்டுகள் வாழும். இன்னொரு வேடிக்கை: பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆண், சில ஆண்டுகள் கழித்துப் பெண். ஆகவே பெரிய மீன் அநேகமாகத் தாய்மீன்தான், லட்சக்கணக்கில் முட்டையிடும். பெருசு மாட்டினால் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். குழம்புக்கு நடுத்தரம் போதும்.