கணக்கு இருக்கிறது, கடன் எங்கே?

ஓசூர் சிப்காட்டுக்கும், எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, ஆனேக்கல் ஆலைகளுக்கும் வேலைக்குப் போகும் பட்டியலினக் குடும்பங்களில் பலருக்கு இன்று வங்கிக் கணக்கு இருக்கிறது. சம்பளம் அதில்தான் விழுகிறது. ஆனால், கறவை மாடு வாங்கவோ, பிள்ளையின் கட்டணம் கட்டவோ கடன் கேட்டால் "பத்திரம் இருக்கிறதா?" என்ற கேள்வி வருகிறது. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டவர்களிடம் பத்திரம் ஏது? அந்த இடைவெளியில்தான் வாராந்திர வசூல் நுழைகிறது.

இதற்கு மாற்று பிறந்ததும் இந்த மண்ணில்தான். 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழக அரசு மகளிர் சுய உதவிக் குழுக்களை முதலில் தொடங்கியது, கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கிய அன்றைய தருமபுரி மாவட்டத்தில். பத்திரத்தின் இடத்தில் பெண்களின் சேமிப்பும் நாணயமும் வைக்கப்பட்டன.

இன்று இரண்டுக்குமே 'குழுக்கடன்' என்றுதான் பெயர். வித்தியாசம் பெரியது. சுய உதவிக் குழுவில் சேமிப்பு உறுப்பினர்களுடையது; உள்கடன் வட்டி குழுவுக்கே திரும்புகிறது. 10 லட்சம் ரூபாய் வரை வங்கி அதனிடம் பிணை கேட்கக் கூடாது. தனியார் நுண்கடன் குழுவிலோ பெரும்பாலும் ஒருவருக்கு மற்றவர் ஜாமீன் மட்டுமே. வட்டி நிறுவனத்துக்குப் போகிறது.

அந்தக் கடனுக்கும் 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கான நுண்கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது. எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. ஒப்பந்தம் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தெலுங்கும் கன்னடமும் பேசும் தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் இது முக்கியம். மீறினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரை நாடலாம். உதவி எண் 14448.

தொழில் தொடங்க நினைப்பவர்கள் தாட்கோவை அணுகலாம். முதலமைச்சரின் 'அரைஸ்' திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு.

வங்கிகள் தங்கள் கடனில் 12 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும் என்பதும் விதி. பட்டியலின மக்கள் அந்தப் பிரிவில் அடங்குவர். நம் ஊர்க் கிளையில் அது எவ்வளவு, யாருக்குப் போனது? படித்த பிள்ளைகள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிக் கேட்கட்டும்.