பிடி விடாத மருந்துகளும் முனைவர் பட்ட ஆய்வும்

நோய்க்குக் காரணமான புரதத்தில் ஒட்டி அதன் வேலையைத் தடுக்கும் மூலக்கூறுகளை வடிவமைத்து, உருவாக்கி, சோதித்துப் பார்ப்பது மருத்துவ வேதியியலின் முதன்மையான பணி. அத்தகைய மூலக்கூறுகளில் பெரும்பாலானவை புரதத்தின் குழிவில் வந்து அமர்வதும் விலகுவதுமாக இருப்பவை. இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்ததும் அவற்றின் பிடியும் தளர்ந்துவிடும். இதற்கு மாறாக, புரதத்தின் ஓர் அணுவோடு எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு உறுதியாகப் பிணைந்துகொள்பவை சகப்பிணைப்பு மருந்துகள்; அவற்றுள் பலவற்றின் விளைவு, பிணைபட்ட புரதத்துக்கு ஈடாக உடல் புதிய புரதத்தை உருவாக்கும்வரை நீடிக்கும்.

1899 முதல் விற்பனையில் இருக்கும் ஆஸ்பிரின் இவ்வகையைச் சேர்ந்தது என்பது 1970-களில்தான் தெளிவாயிற்று. சைக்ளோஆக்சிஜனேஸ் என்னும் நொதியிலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஆஸ்பிரின் தன் அசிட்டைல் தொகுதியை ஏற்றி நொதியை முடக்கிவிடுகிறது. இரத்தத் தட்டுகளுக்கு உட்கரு இல்லை. எனவே இழந்த நொதியை அவை மீண்டும் உருவாக்கிக்கொள்ள இயலாமல், ஏறத்தாழ 10 நாள் கொண்ட தம் ஆயுள் முடியும்வரை திரளும் திறன் குன்றியே இருக்கின்றன. இதய நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு மாத்திரை போதுமானதாக இருப்பதன் காரணம் இதுவே.

ஆயினும் மருந்து நிறுவனங்கள் நெடுங்காலம் இவ்வழியை விரும்பி மேற்கொள்ளவில்லை. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி உட்கொள்ளும்போது உடலில் உருவாகும் வினைத்திறன் மிக்க பொருள், கல்லீரல் புரதங்களோடு பிணைந்து அவ்வுறுப்பைச் சிதைக்கிறது என்று 1970-களில் அறியப்பட்டதால், பிணையும் மருந்து கண்ட புரதத்தையெல்லாம் பற்றிக்கொள்ளும் என்ற அச்சம் வேரூன்றியது. வினைபுரியும் பகுதியின் வேகத்தை மட்டுப்படுத்தி, மூலக்கூறு முதலில் தனக்குரிய குழிவில் பொருந்திய பின்னரே பிணைப்பு நிகழுமாறு அமைக்கக் கற்றுக்கொண்ட பிறகே அந்த அச்சம் குறைந்தது. ஏவுகணையின் வெடிமுனையைக் குறிக்கும் 'வார்ஹெட்' என்ற சொல்லால் ஆய்வாளர்கள் அழைப்பது இந்த வினைபுரியும் பகுதியைத்தான்.

இந்த அணுகுமுறை எட்டிய உயரத்தை கேராஸ் என்னும் புரதத்தின் வரலாறு காட்டுகிறது. மனிதப் புற்றுநோயில் ராஸ் மரபணுக்களின் பங்கு 1982-இல் வெளிப்பட்டபோதிலும், மருந்து தங்குவதற்கேற்ற குழிவு எதுவும் புலப்படாததால் அவற்றுள் ஒன்று உருவாக்கும் கேராஸ், மருந்துக்கு வசப்படாத புரதம் என்றே கருதப்பட்டது. எனினும் நுரையீரல் புற்றுநோயாளிகள் சிலரிடம் அப்புரதத்தின் 12-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாக, கந்தகம் கொண்ட சிஸ்டைன் இடம்பெற்றிருக்கும். நலமான உயிரணுக்களின் கேராஸில் அவ்விடத்தில் சிஸ்டைன் இல்லாததால், அதைப் பற்றிக்கொள்ளும் மருந்து நோயுற்ற புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கக்கூடும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தில் கெவன் ஷோகாட்டின் ஆய்வுக்கூடம் இந்தக் கந்தகத்தையே குறிவைத்து, அதனோடு பிணையக்கூடிய 480 சிறு சேர்மங்களைப் புரதத்தோடு கலந்து சோதித்தது. எது ஒட்டியது என்பதைக் கண்டறிய உதவும் கருவி நிறை நிறமாலைமானி: சேர்மம் பிணைந்திருந்தால், ஒட்டிக்கொண்ட துண்டின் நிறையளவுக்குப் புரதத்தின் நிறை கூடி, திரையில் பழைய முகட்டுக்கு வலப்புறம் புதிய முகடு ஒன்று எழும். அவ்வாறு தேர்ந்த சேர்மங்களைச் செம்மைப்படுத்தியபோது, அதுவரை எவரும் காணாத குழிவொன்று கேராஸின் மேற்பரப்பில் திறந்திருப்பது தெரியவந்தது. 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளியான அக்கட்டுரையின் முதல் ஆசிரியரான ஜொனாதன் ஆஸ்ட்ரெம் அப்போது ஆய்வு மாணவர். அவ்வழியில் தொடர்ந்த முயற்சிகளின் பயனாக, ஆம்ஜென் நிறுவனத்தின் சோட்டோராசிப் 2021 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

முனைவர் பட்ட ஆய்வுக்கான உதவித்தொகையின் அருமை இங்கேதான் விளங்குகிறது. ஒரு சேர்மத்தை உருவாக்கி, சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் வடித்துத் தூய்மைப்படுத்தி, உயிரணுக்களில் மிகுதியாக உள்ள குளுட்டாதயோனோடு அது வீணே பிணைந்துபோகிறதா என்று சோதிப்பதற்குள் வாரங்கள் கழிந்துவிடும். பெரும்பாலான சேர்மங்கள் அத்தோடு கைவிடப்படும். மூன்று மாதத்துக்கொருமுறை வருவாய்க் கணக்குக் காட்டவேண்டிய நிறுவனம் இவ்வளவு தோல்விகளைப் பொறுத்துக்கொள்வது கடினம். சில ஆண்டுகளுக்கு உணவும் உறைவிடமும் உறுதியான மாணவரால் அது இயலும். இந்தியாவில் நெட் தேர்வின் வழியே இளநிலை ஆய்வாளராகத் தேர்வு பெறுவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் முதுநிலையில் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. பிரிட்டனின் சில உதவித்தொகைகள், மாணவர் குறைந்தது மூன்று மாதங்களேனும் தொழில் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிய வேண்டும் என்று விதித்து, பல்கலைக்கழகத்தையும் தொழில்துறையையும் இணைக்கின்றன.

சோட்டோராசிப் நோயை முற்றாகத் தீர்ப்பதில்லை. காலப்போக்கில் புற்றுநோய் அதை எதிர்க்கவும் கற்றுக்கொள்கிறது. கணையப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் கேராஸ் வடிவத்திலோ, அதே 12-ஆம் இடத்தில் சிஸ்டைன் இல்லை, எளிதில் வினைபுரியாத ஆஸ்பார்ட்டேட் இருக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் வார்ஹெட்டைத் தேடி இன்று குடுவையில் கரைசலைக் கலக்கிக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவருக்கு அடுத்த மாத உதவித்தொகை தவறாமல் வந்துசேர வேண்டும். மருந்துக் கண்டுபிடிப்புக்குச் சமூகம் செய்யும் முதல் உதவி அதுவே.