பழைய இசைத்தட்டும் அதன் சுருதியும்



இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் மேளகாரரை அழைக்க வசதியில்லாத காலங்களில் இசைத்தட்டே மங்கல வாத்தியமாக இருந்தது. விடியுமுன் ஒலிபெருக்கியில் எழும் நாதசுரம் இறப்பர் மலைகளைக் கடந்து லயங்களை எழுப்பும். எங்கள் பெரியவர்கள் அப்படிக் கேட்டு நெஞ்சில் பதித்தவற்றுள் ஒன்று, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி.

அதன் மறுபதிப்பு ஒன்றை, நாதசுரம் வாசித்து ஓய்ந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவருக்கு அண்மையில் போட்டுக் காட்டினேன். கண்மூடிக் கேட்டவர், "நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். ஆனா, இது பாரி மாதிரி இல்லையே, திமிரி மாதிரில்ல கேக்குது!" என்றார்.

ஒரு முழு விமர்சனமே அதில் அடங்கியிருந்தது. திமிரி நீளம் குறைந்தது, சுருதி கூடியது. பாரி நீண்டது, சுருதி தாழ்ந்தது. தாழ்ந்த சுருதியில் வாசித்துப் புகழ்பெற்றவர் ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அவருடைய பாரி எப்படித் திமிரியானது?

பழைய தட்டுக்கள் நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர் பெற்றிருந்தாலும், பதிவான வேகம் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. பிரதி எடுக்கும்போது வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால், சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். காலப்பிரமாணமும் விரையும், நிதானமாக அசைய வேண்டிய தோடியின் கமகங்கள் அவசரப்படும்.

இன்னொன்று இரைச்சல். அதை அளவுக்கு மீறி வடிகட்டினால், சீவாளியின் உயிர்ப்பும் சேர்ந்தே வடிந்துபோகும். மேலும், பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது ஏறத்தாழ மூன்று நிமிடமே. இரு பக்கங்களில் பிரிந்து கிடந்த ஆலாபனையை ஒட்டியிருந்தால், ஒட்டிய இடத்தை வெளியிடுவோர் சொல்லவேண்டும்.

ஆகவே, மறுபதிப்பை விமர்சிப்பவர் வித்துவானைப் புகழ்ந்தால் மட்டும் போதாது. சுருதி சரியா, நாதம் முழுமையா, பதிவான ஆண்டும் தட்டின் இலக்கமும் தரப்பட்டுள்ளனவா என்றும் கேட்கவேண்டும். வாசித்தவர் திரும்பி வந்து திருத்தப்போவதில்லை. குருவுக்கு வழியில்லாத எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ அந்தப் பிரதிதான் குரு. அது பிழைத்தால் பாடமும் பிழைக்கும்.

கணினியில் வேகத்தைச் சற்றுக் குறைத்து மீண்டும் போட்டேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அவர் விரல்கள் மட்டும் முழங்காலில் தோடியை வாசித்துக்கொண்டிருந்தன.