கரிசல் சீமையில் மின்சாரக் கிதார்

எப்போதும்வென்றான் என்று ஓர் ஊருக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டவுடனேயே மனிதனுக்குச் சிறிது தைரியம் உண்டாகத்தான் செய்யும். ஆனால் அவ்வூரையும் கோவில்பட்டியையும் எட்டயபுரத்தையும் உள்ளடக்கிய கரிசல் பூமி, தந்தி வாத்தியங்களை மட்டும் எளிதில் வெற்றி பெற விடுவதில்லை. கோடையெல்லாம் வறட்சி; ஆடியில் புழுதிக் காற்று; ஐப்பசி கார்த்திகையில் மழை ஈரம். இத்தனையும் மரத்திற்கும் உலோகத்திற்கும் சோதனைகள்.

இன்று தூத்துக்குடி ஜில்லாவில் தேவாலயப் பாடற் குழுவிலும், கல்யாண மெல்லிசைக் கச்சேரியிலும் மின்சாரக் கிதாரைக் காண்பது அபூர்வமன்று. அபூர்வமானது எதுவென்றால், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கை. சிறு கோளாறு வந்துவிட்டால் மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டுமே என்ற மலைப்பில், வாத்தியம் பரணில் ஏறிவிடுகிறது. அதனோடு ஒரு பையனுடைய சங்கீத ஆசையும் பரணேறிவிடுகிறது. இது வேண்டாத நஷ்டம் என்பது நம் அபிப்பிராயம்.

வாத்தியத்தை வீட்டிலேயே பேணுவது இச்சீமைக்குப் புதிதன்று. முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-இல் தம் இறுதி நாட்களைக் கழித்த ஊர் எட்டயபுரம். சுப்பராம தீக்ஷிதரின் 'ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் அச்சேறியதும் அவ்வூரிலேதான். வீணை வாசிப்பவர்கள் மெழுகிலே பதித்த மெட்டுகள் அசைந்துவிட்டால் மேளம் கட்டிச் சரி செய்துகொள்வார்கள். வீணையின் மெட்டும் பிருடையும் குதிரையும் மேருவும் கிதாரிலும் இருக்கின்றன, பெயர்தான் வேறு. வீணையைத் தெரிந்தவருக்குக் கிதார் அந்நியமான பிராணியன்று.

மேலும், மின்சாரக் கிதார் பழுது பார்ப்பதற்கென்றே பிறந்த வாத்தியம் எனலாம். 1950-களில் உலகப் புகழ் பெற்ற கிதார்களை உருவாக்கிய லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் ரேடியோ ரிப்பேர் செய்து பிழைத்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது! கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் திருகாணியால் பிணைத்தார். கெட்டுப் போனால் கழற்றி மாற்றலாம் அல்லவா? ஆகவே ஒரு திருப்புளி, ஓர் ஆலன் சாவி, ஒரு சால்டரிங் அயர்ன், கொஞ்சம் பொறுமை ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பாலான வேலைகள் வீட்டுக் கூடத்திலேயே முடிந்துவிடும்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழில் செழித்ததற்கு அங்குள்ள வறண்ட ஹவாவும் ஒரு காரணம். தீக்குச்சியை உலர்த்தும் அதே ஹவா கிதாரின் கழுத்தையும் உலர்த்துகிறது. மரம் சுருங்கும்போது மெட்டுகளின் முனை வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். நயமான அரத்தால் இலேசாகத் தேய்த்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் உலகெங்கும் கிதார்களில் மெட்டுப் பலகையாக விளங்குகிறது. அந்தப் பலகை வெளுத்துப் போனால், தந்தி மாற்றும்போது இரண்டொரு துளி கனிம எண்ணெய் தடவித் துடைத்துவிடலாம். சமையல் எண்ணெய் கூடாது. அது பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. தந்திகளின் இழுப்பினால் கழுத்து வளைந்தால் அக்கம்பியை முறுக்கி நிமிர்த்தலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது. திருப்பிய பிறகு ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அவசரக்காரன் கையில் இது முறிந்துவிட்டால் கழுத்தே போய்விடும்.

அடுத்தது தந்தி. வியர்வையும் கடற்காற்றின் உப்பும் எஃகுக்குச் சத்துருக்கள். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைப்பதுதான் மிக மலிவான வைத்தியம். பருத்தி விளையும் கரிசல் காட்டில் அதற்கா பஞ்சம்?

சுருதி நிற்கவில்லை என்றவுடன் பலரும் பிருடையைத்தான் பழிக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி மேருவாகத்தான் இருக்கும். அதன் காடியில் தந்தி சிக்கிக்கொண்டு, திருகும்போது நகராமல் பிறகு திடீரென்று துள்ளுகிறது. எழுதும் பென்சிலின் கரியை அந்தக் காடியில் தேய்த்துவிட்டால் தந்தி வழுக்கிச் செல்லும். அப்படியும் நிற்காவிட்டால் பிருடையை மாற்றலாம். 14 சுற்றுக்கு முளை ஒரு சுற்றுச் சுற்றும் பிருடையைவிட, 18 சுற்றுக்கு ஒரு சுற்றுச் சுற்றுவது சுருதியை நுட்பமாகக் கூட்ட உதவும். வாங்குமுன் பழைய துளையின் விட்டத்தை அளந்துகொள்ள வேண்டும்.

பிறகு குதிரை. பன்னிரண்டாவது மெட்டுக்கு நேராகத் தந்தியை இலேசாகத் தொட்டு எழுப்பும் நாதமும், அங்கேயே அழுத்தி எழுப்பும் ஸ்வரமும் ஒன்றாயிருக்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் குதிரையின் மேலுள்ள சிறு தாங்கியைப் பின்னுக்கு நகர்த்துக, இறங்கியிருந்தால் முன்னுக்கு. புதுத் தந்தி போட்ட பின்பே இதைச் செய்ய வேண்டும். பழந்தந்தி பொய் சொல்லும்.

இனி மின்சாரப் பகுதி. தந்திக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக் கம்பி ஏறக்குறைய 8,000 சுற்றும் இருக்கின்றன. எஃகுத் தந்தி அதிரும்போது கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்ட தத்துவமே இது. ஆனால் அந்தச் சுருள் வீட்டு விளக்கின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் பிடித்து 'உம்'மென்று இரைகிறது. இதற்குப் பரிகாரமாக, 1955-இல் கிப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த ஸேத் லவர் என்பவர் எதிரெதிராக இணைத்த இரட்டைச் சுருளை அமைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைய, இசை மட்டும் மிஞ்சுகிறது.

ஆயினும் சுருளை மாற்றுவதற்கு முன், செலவு குறைந்த வழிகளைப் பார்த்துவிடலாம். குமிழைத் திருகினால் கரகரப்பு வந்தால், உள்ளே புழுதி. சுத்திகரிப்புத் திரவத்தைப் பீச்சிக் குமிழை இருபது முறை திருப்பினால் தீரும். உட்குழியில் செப்புத் தகட்டு நாடா ஒட்டி அதை எர்த் கம்பியுடன் சேர்த்தால் இரைச்சல் பெரிதும் அடங்கும். அதன் பிறகும் வேண்டுமென்றால் இரட்டைச் சுருள் பொருத்தலாம். அப்போது 250 கிலோ ஓம் குமிழ்களுக்குப் பதில் 500 கிலோ ஓம் குமிழ்கள் போடுவது வழக்கம். இல்லையேல் நாதம் மழுங்கும்.

மாற்றம் செய்வது நாகரிகத்துக்காக அல்ல, சங்கீதத்துக்காக. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இதற்குச் சிறந்த உதாரணம். மேல்நாட்டு மாண்டலினில் தந்திகள் இரட்டை இரட்டையாக இருக்கும். கமகத்துக்கு அவை இணங்கா. அவர் மின்சார மாண்டலினில் ஒற்றைத் தந்திகளே வைத்து, ஐந்தாவது தந்தியொன்றும் சேர்த்துக்கொண்டார். கர்நாடக சங்கீதம் அந்தச் சின்னஞ்சிறு வாத்தியத்தில் குடியேறிவிட்டது.

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்தைக் கடைசியில் சொல்கிறோம். கிதாரின் தந்திகள் குதிரை வழியாக ஒலிபெருக்கியின் எர்த்துடன் சேர்ந்திருக்கின்றன. ஒலிபெருக்கியிலோ மைக்கிலோ மின்கசிவு இருந்து, எர்த் சரியில்லாவிட்டால், ஒரு கை தந்தியிலும் மறு கையோ உதடோ மைக்கிலும் பட்ட கணத்தில் மின்சாரம் மனிதன் மேல் பாயும். 1972-இல் பிரிட்டனில் ஸ்வான்ஸீ நகர மேடையில், லெஸ்லி ஹார்வி என்ற கிதார் வித்துவான் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார்.

கரிசல் நாட்டில் இந்த அபாயத்தை அலட்சியம் செய்யக்கூடாது. ஈரமான கரிசல் மின்சாரத்தை நன்கு கடத்தும். கோடையில் அதுவே உலர்ந்து பாளம் பாளமாக வெடித்துவிட்டால், எர்த் குழாய்க்கும் மண்ணுக்கும் தொடர்பு நலிந்து போகும். ஆகவே எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வருவது அவசியம். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துச் சொருகும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை வீட்டிலும் மேடையிலும் வைப்பது உத்தமம். தந்தியைத் தொட்டதும் விரலில் சுரீர் என்றால் வாசிப்பை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குக. ஒலிபெருக்கியின் உட்பகுதியை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள்ளே சில உறுப்புகளில் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அது தேர்ந்த தொழிலாளியின் வேலை.

மற்றவை நம் கைவேலை. பரணிலே கிடக்கும் கிதாரை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கித் துடைத்துப் பாருங்கள். அநேகமாக அதற்கு வேண்டியது ஒரு கட்டுத் தந்தியும் ஒரு பென்சில் கரியுமாகவே இருக்கும்.