படுத்தால் நார்மல், நின்றால்?

தொடர் - 7

காரணம் தெரியாமல் மயங்கி விழுகிறவர்களின் ஃபைலைப் பிரித்தால் ஈ.சி.ஜி., எக்கோ, மூளை ஸ்கேன், தைராய்டு, சர்க்கரை என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாவற்றிலும் நார்மல். என் ஃபைலும் அப்படித்தான். அதில் பெரும்பாலானவை படுக்கவைத்தோ உட்காரவைத்தோ எடுத்தவை. நான் விழுந்ததெல்லாம் நின்றபோது.

ரேஷன் கடை வரிசையில் நின்றால் முதலில் பிடரியும் தோளும் இழுத்துப் பிடிக்கும். பாதம் கருஞ்சிவப்பாக மாறும். பக்கத்தில் பேசுகிறவர்களின் குரல் எங்கோ தூரத்தில் கேட்கும், கண் இருட்டிக்கொண்டு வரும். "காலையில ஏதாச்சும் சாப்பிட்டியா கண்ணு?" என்பார் பின்னால் நிற்கும் அக்கா. சாப்பிட்டுத்தான் வந்திருப்பேன்.

எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இதைக் கண்டுகொள்ளும். உடனே ரத்தக்குழாய்கள் இறுகும், துடிப்பு 10, 15 கூடும், மூளைக்கு ரத்தம் குறையாது. இந்த ஏற்பாடு சரியாக நடக்காத நிலைகளில் ஒன்றுதான் 'பாட்ஸ்'. நின்ற 10 நிமிடங்களுக்குள் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் ஏறிவிடும். பதின்வயதினருக்கு 40. ஆனால் பி.பி. பெரிதாக இறங்காது. அதனால்தான் பி.பி.யை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இது தப்பிவிடுகிறது. இந்தப் பெயரும் அளவுகோலும் 1993-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்தவை. பாதிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் 15 முதல் 50 வயதுக்குள் இருக்கும் பெண்கள்.

பெண்கள் என்பதாலேயே இதை மனசுப் பிரச்சினை என்று ஒதுக்குவது சுலபமாகிவிடுகிறது. 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறக்குறைய 300 ஊழியர்கள் காய்ச்சலும் தலைச்சுற்றலும் தீராத அசதியுமாகப் படுத்தார்கள். 1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமலேயே, அது ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நோயுற்றவர்களில் பெண்களே அதிகம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த எழுத்து எத்தனை பேரின் வாயை அடைத்ததோ! இப்படித் தீராத அசதியில் தள்ளும் நாள்பட்ட அசதி நோயின் அடையாளங்களில் நிற்கமுடியாமையையும் ஒன்றாக 2015-ல்தான் அமெரிக்க நிபுணர் குழு சேர்த்தது. ஒருநாள் கல்யாண வீட்டு வேலை செய்துவிட்டு இரண்டு நாள் எழமுடியாமல் கிடப்பது சோம்பேறித்தனம் அல்ல என்பதையும் அதே குழு தெளிவாகச் சொன்னது.

நின்றால் மயக்கம் வருகிறதென்றால் ரத்தசோகையை முதலில் பார்த்துவிட வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2019-21-ல் நம் நாட்டுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ஓடும்போதோ மாடிப்படி ஏறும்போதோ மயங்கினால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், தாமதிக்காமல் இதய நிபுணரிடம் போய்விடுங்கள். தண்ணீரும் உப்பும் கூட்டுவது, இறுக்கமான காலுறை அணிவது எல்லாம் பலருக்குக் கைகொடுக்கின்றன. ஆனால் பி.பி., சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உப்பு ஆபத்து. டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது, "படுக்கவெச்சு ஒருதடவை, நிக்கவெச்சு ஒருதடவை பி.பி.யும் பல்ஸும் பாருங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள். அதற்கு ஒரு பி.பி. கருவியும் கால் மணி நேரமும் போதும்.

(தொடரும்)